மூணு ஃபேஸ், மூணு பிஸெம், ஒரு இஎஸ்பி32: வீட்டுக் கரண்டை அளந்த அனுபவம்

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள், முதல் சில யூனிட்கள் இலவசம், அதற்கு மேல் அடுக்கடுக்காக விலை ஏறும், இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் 500 யூனிட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்று பேனா பிடித்துக் கணக்குப் போட்டவர்கள் குறைவு. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25, 201 முதல் 400 வரை 4.50, கடைசி நூறுக்கு 6 ரூபாய், ஆக மொத்தம் 1,725. ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் 101-லிருந்தே 4.50 ஆகிவிடும், 501-ஆவது யூனிட்டுக்கு 8 ரூபாய், மொத்தம் 1,958. அந்த ஒரு யூனிட்டுக்கு நாம் கொடுப்பது 233 ரூபாய். 2024 ஜூலையில் கட்டணம் இன்னும் கொஞ்சம் ஏறியது, 500-ஐத் தாண்டினால் அடிக்கும் அடி அப்படியே இருந்தது.

எங்கள் வீடு திருச்சியில், கீழே அப்பா அம்மா, மாடியில் நாங்கள், ஒரே மூன்று ஃபேஸ் சர்வீஸ். சித்திரை வைகாசியில் இந்த 500-ஐச் சுற்றித்தான் ஒவ்வொரு தடவையும் நிற்போம், சில சமயம் 480, சில சமயம் 530. ரீடிங் எடுக்க வருபவர் சொன்ன பிறகு தெரிந்து என்ன பயன்? நாற்பதாவது நாளிலேயே தெரிந்தால் ஏதாவது செய்யலாம். நான் இந்த வேலையில் இறங்கிய காரணம் இதுதான். குரல் கொடுத்தால் விளக்கு எரிவது, கதவைத் திறந்தால் ஃபேன் ஓடுவது போன்றவற்றில் எனக்குப் பெரிய நாட்டம் கிடையாது. முதலில் அளக்க வேண்டும், அதுவும் ஈபி எந்தக் கால அளவில் கணக்குப் பார்க்கிறதோ அதே கால அளவில் அளக்க வேண்டும். ஸ்விட்ச் போடுவது அணைப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

வாங்கியவை: பிஸெம்-004டி (PZEM-004T) மூன்றாம் பதிப்பு மூன்று, கூடவே வரும் 100 ஆம்பியர் சிடி வளையங்கள் (வயரைச் சுற்றி மாட்டி ஆம்பியரை அளப்பவை, திறந்து மூடும் வகை), ஒரு இஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள, நிரல் எழுதக்கூடிய சின்னச் சிப்), ஒரு நல்ல 5 வோல்ட் அடாப்டர், 6 ஆம்பியர் எம்சிபி மூன்று, ஒரு பிளாஸ்டிக் பெட்டி. வீட்டுக் கருவிகளைக் கண்காணித்து இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருள் ஓடுவதற்கு ஏற்கெனவே வீட்டில் ஒரு ராஸ்பெர்ரி பை 4 குட்டிக் கணினி இருந்தது. பிஸெம் என்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு பச்சைப் போர்டு. வோல்டேஜ், ஆம்பியர், வாட், யூனிட், ஃப்ரீக்வென்சி, பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்டில் எவ்வளவு பங்கு உண்மையான வேலைக்குப் போகிறது என்ற விகிதம்) ஆறையும் அதுவே கணக்கிட்டு மோட்பஸ் என்ற தகவல் பரிமாற்ற முறையில் அனுப்பும். யூனிட் கணக்கை அது தனக்குள்ளேயே சேமித்து வைக்கிறது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, கரண்ட் போய் வந்தாலும் விட்ட இடத்திலிருந்து எண்ணும். வெறும் ஆம்பியரை மட்டும் அளந்து 230-ஆல் பெருக்கிக் காட்டும் மலிவான கருவிகளும் கிடைக்கின்றன. மோட்டாரும் ஃபேனும் ஓடும் வீட்டில் அவை காட்டும் வாட்டை நம்ப முடியாது, பவர் ஃபேக்டர் அதில் வராது.

மெயின் போர்டு வேலையை எங்கள் தெரு எலெக்ட்ரீஷியன் அண்ணனை வைத்துத்தான் செய்தேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். மெயின் ஸ்விட்சை அணைத்தாலும் மீட்டரிலிருந்து மெயின் ஸ்விட்ச் வரைக்கும் வரும் வயரில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். மீட்டர், அதன் சீல், அதற்கு முன்னால் உள்ள வயர் எதையும் நாம் தொடக் கூடாது, நம் எல்லை மெயின் ஸ்விட்சுக்குப் பிறகுதான். சிடி வளையத்தை ஃபேஸ் வயர் ஒன்றில் மட்டும் மாட்ட வேண்டும், ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து மாட்டினால் ஒன்றையொன்று கழித்துப் பூஜ்யம் காட்டும். வளையத்தின் இரண்டு பாதியும் சேரும் முகத்தில் தூசி, பிசிறு எதுவும் இருக்கக் கூடாது. மயிரிழை இடைவெளி இருந்தாலும் குறைத்துக் காட்டும், கிளிக் என்று சத்தம் கேட்கும்வரை அழுத்தி மூட வேண்டும். வயரில் லோடு ஓடும்போது சிடியின் இரண்டு முனைகளை போர்டிலிருந்து கழற்றி விடுவது ஆபத்து என்பதால் முதலில் போர்டில் சிடியை முறுக்கிவிட்டு அப்புறம் வயரில் மாட்டினோம்.

வோல்டேஜுக்கான இணைப்பை ஒவ்வொரு ஃபேஸிலிருந்தும் தனித்தனி 6 ஆம்பியர் எம்சிபி வழியாக எடுத்தோம். இங்கே ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக விழும் பாதுகாப்பு ஸ்விட்ச்) உள்ள வீடுகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆர்சிசிபிக்குப் பிறகுள்ள ஃபேஸை எடுத்தால் நியூட்ரலையும் அதே ஆர்சிசிபிக்குப் பிறகுதான் எடுக்க வேண்டும். பக்கத்தில் கைக்கு எட்டுகிறதே என்று வேறு நியூட்ரல் பாரிலிருந்து எடுத்தால், அந்த இணைப்பில் போகும் சின்னக் கரண்டைக்கூட ஆர்சிசிபி கசிவாகத்தான் பார்க்கும், காரணம் புரியாமல் விழுந்துகொண்டே இருக்கலாம்.

மூன்று ஃபேஸில் (ஆர், ஒய், பி என்று பெயர்) இன்னொரு விஷயம். ஆர் ஃபேஸ் வயரில் சிடி, ஒய் ஃபேஸில் வோல்டேஜ் என்று மாறிப்போனால் வோல்டேஜ் சரியாகத் தெரியும், ஆம்பியர் சரியாகத் தெரியும், வாட் மட்டும் பாதியாகிவிடும். இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, அந்த ஃபேஸில் உள்ள ஹீட்டரைப் போட்டு பவர் ஃபேக்டரைப் பார்ப்பது. வெறும் கம்பிச்சுருள் (காயில்) என்பதால் அது 1.00 அல்லது 0.99 காட்ட வேண்டும். 0.50 என்று காட்டினால் சிடி வேறு ஃபேஸில் மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். ஃபேஸுக்கு ஒரு ஹீட்டரோ அயர்ன் பாக்ஸோ வைத்து மூன்றையும் சோதித்த பிறகுதான் போர்டை மூட விட்டேன்.

எங்கள் டிபி பாக்ஸ் (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) இரும்பு. அதற்குள் இஎஸ்பி32-ஐ வைத்தால் வைஃபை எட்டாது, அதனால் போர்டுகள் எல்லாம் பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் போய்விட்டன, சிடி வயர்களும் வோல்டேஜ் வயர்களும் மட்டும் ஒரு குழாய் வழியாக டிபிக்குள் போகின்றன. இஎஸ்பி32 பிடிப்பது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே, உங்கள் மோடத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஓடினால் அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

எலெக்ட்ரானிக்ஸ் பக்கம் நேரம் பிடித்தது ஒரே இடத்தில்தான். மூன்று பிஸெமும் ஒரே முகவரியோடு வரும். மூன்றையும் ஒரே ஜோடி வயரில் தொங்கவிட வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் தனியாக இணைத்து 1, 2, 3 என்று முகவரி மாற்ற வேண்டும். ஆர்டுயினோவில் பிஸெமுக்கான லைப்ரரியில் இதற்கென்றே ஒரு உதாரண நிரல் இருக்கிறது. ஆனால் மேசையில் வைத்து 5 வோல்ட் மட்டும் கொடுத்தால் போர்டு பதிலே சொல்லாது. அளக்கும் சிப்புக்கு உயிர் வருவது 230 வோல்ட் பக்கத்திலிருந்து. 5 வோல்ட் பக்கம் வெறும் தகவல் போக்குவரத்துக்கு, நடுவில் ஒளி வழியாகத் தகவலைக் கடத்தும் ஆப்டோகப்ளர் இரண்டையும் பிரித்து வைக்கிறது. போர்டு செத்துப்போய்விட்டது என்று நினைத்து கடைக்குத் திருப்பி அனுப்புகிறவர்கள் நிறைய, தயவுசெய்து முதலில் மெயின் கரண்ட் கொடுத்துப் பாருங்கள், மூடிய பெட்டிக்குள் வைத்துக் கொடுங்கள்.

முகவரி மாற்றியதும் இரண்டு போர்டு சேர்ந்து நன்றாகப் பேசின. மூன்றாவதைச் சேர்த்ததும் ஒன்றும் வரவில்லை, லாகில் சிஆர்சி பிழை, சிஆர்சி பிழை என்று ஓடியது, அதாவது வரும் தகவல் சிதைந்திருக்கிறது. ஒரு போர்டு பேசும்போது மற்ற இரண்டும் தகவல் அனுப்பும் தங்கள் டிஎக்ஸ் காலை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் காரணம். ஒவ்வொரு டிஎக்ஸ் காலுக்கும் ஒரு ஷாட்கி டையோடு, அதன் கோடு போட்ட முனை பிஸெம் பக்கம் பார்த்தபடி, மூன்று டையோடின் மறுமுனையும் சேர்ந்து இஎஸ்பி32-இன் தகவல் வாங்கும் ஆர்எக்ஸ் காலுக்கு, அந்தக் காலிலிருந்து 3.3 வோல்ட்டுக்கு ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். இதைப் போட்டதும் மூன்றும் வரிசையாகப் பதில் சொன்னது. கூடவே இன்னொரு நன்மை, பிஸெம் பக்கத்திலிருந்து வரும் 5 வோல்ட்டை டையோடு தடுத்துவிடுவதால் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காத இஎஸ்பி32 காலுக்கும் பாதுகாப்பு. சாதா டையோடு போட்டால் 0.6 வோல்ட் இறக்கத்தில் சுழியம் சரியாகச் சுழியமாகத் தெரியாது, அதனால்தான் ஷாட்கி.

நிரலுக்கு இஎஸ்பிஹோம், இஎஸ்பி32-ஐ ஹோம் அசிஸ்டன்டோடு பேசவைக்கும் மென்பொருள். அதில் மூன்றாம் பதிப்பு பிஸெமுக்கு பிஸெம்ஏசி என்ற தளத்தை எடுக்க வேண்டும், பெயர் அப்படியே பொருந்துகிறதே என்று பிஸெம்004டி தளத்தை எடுத்தால் வேலை செய்யாது, அது பழைய பதிப்புக்கானது. பத்து வினாடிக்கு ஒருமுறை அளவு வருமாறு வைத்தேன். வோல்டேஜ் எப்போதும் 231.4, 231.6, 231.3 என்று ஆடிக்கொண்டே இருக்கும், இத்தனையும் சேமித்தால் மெமரி கார்டுதான் தேயும், எனவே இரண்டு வோல்ட் மாறினால் மட்டும் அனுப்பு என்று ஒரு வடிகட்டி. ஹோம் அசிஸ்டன்ட் முழு விவரத்தைப் பத்து நாள்தான் வைத்திருக்கும், அதற்குப் பிறகு மணிக்கணக்குச் சுருக்கம் மட்டும் நிரந்தரமாக இருக்கும். வீட்டுக் கணக்குக்கு அது தாராளம்.

சரி, இது காட்டும் எண்ணை எப்படி நம்புவது? இதற்கு ஈபி மீட்டரே சாட்சி சொல்லும். மீட்டரின் முகப்பில் ஒரு சின்ன சிவப்பு எல்இடி மின்னிக்கொண்டே இருக்கும், பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று அச்சடித்திருக்கும். என் மீட்டரில் 800, உங்கள் மீட்டரில் 1600, 3200 என்று வேறாக இருக்கலாம். 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்து, இரண்டு மின்னலுக்கு இடைப்பட்ட வினாடியால் இன்னொரு முறை வகுத்தால் அந்த நேரத்து வாட் வந்துவிடும். ஹீட்டரைப் போட்டுவிட்டு, போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து 20 மின்னல் எண்ணினேன், 41 வினாடி ஆனது. கணக்குப்படி 2,195 வாட். அதே நேரம் மூன்று பிஸெமும் சேர்ந்து 2,180 காட்டின. ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம். காசே செலவில்லாத இந்தச் சோதனையைக் கருவி எதுவும் வாங்காதவர்களும் செய்து பார்க்கலாம். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எல்இடியைப் பாருங்கள், அது எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை மின்னுகிறது என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அப்பா பல வருடமாக ஒவ்வொரு மாதம் ஒன்றாம் தேதியும் மீட்டர் ரீடிங்கை ஒரு நோட்டில் எழுதி வருகிறார். ஈபி வெள்ளை அட்டையில் கையால் எழுதிக் கொடுத்த காலத்திலிருந்தே அந்தப் பழக்கம். பிஸெம் மாட்டி ஒரு மாதம் ஆனதும் அவர் நோட்டில் 231 யூனிட், என் திரையில் 229. "ரெண்டு யூனிட் எங்கப்பா போச்சு?" என்றார். மீட்டருக்கும் மெயின் போர்டுக்கும் நடுவே உள்ள வயர், பிஸெமின் அரை சதவீதத் தவறு, ரீடிங் எடுத்த நேரம், எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டு, நோட்டில் பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு என் எண்ணையும் எழுத ஆரம்பித்துவிட்டார். எனக்கு அந்த நோட்டு பெரிய உதவி. பழைய வருடங்களின் சித்திரைக் கணக்கு வேறு எங்கே கிடைக்கும்?

இரண்டு மாதக் கணக்குக்கு ஹோம் அசிஸ்டன்டில் யுடிலிட்டி மீட்டர் என்று ஒன்று இருக்கிறது, அதில் இரண்டு மாதச் சுழற்சி என்று ஒரு தேர்வும் உண்டு. ஆனால் அது ஒற்றைப்படை மாதங்களில்தான் புதிதாகத் தொடங்கும், எங்களுக்கு ரீடிங் வருவது இரட்டைப்படை மாதத்தில், அதுவும் தேதி ஓரிரு நாள் முன்னே பின்னே. எனவே சுழற்சியே வேண்டாம் என்று விட்டுவிட்டு, திரையில் ஒரு பொத்தான் வைத்தேன். ரீடிங் எடுத்துவிட்டுப் போனதும் அப்பா அதை அழுத்துவார், கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதன்மேல் ஒரு சின்னக் கணக்கு: இதுவரை ஓடிய யூனிட்டை ஓடிய நாளால் வகுத்து அறுபதால் பெருக்குவது. முதல் இருபது நாளுக்கு இந்த எண் தாறுமாறாக ஆடும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முப்பதாவது நாளுக்குப் பிறகு அது 500-ஐத் தாண்டினால் எல்லார் போனுக்கும் செய்தி போகும். 450 யூனிட் ஆனதும் மணி அடிப்பது போல வைத்தால் அதற்குள் ஐம்பத்தைந்து நாள் ஓடியிருக்கும், செய்வதற்கு ஒன்றும் மீந்திருக்காது.

இனி இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய கண்டுபிடிப்பைச் சொல்கிறேன். ஒரு கல்யாணத்துக்காக எல்லாருமாக ஊருக்குப் போயிருந்தோம், வீட்டில் ஆளே இல்லை. அங்கே உட்கார்ந்து போனில் வரைபடத்தைப் பார்த்தால் வீடு 150 வாட்டுக்குக் கீழே இறங்கவே இல்லை. இரண்டு ஃப்ரிட்ஜும் ஓடி நிற்பது மேலே மலைமலையாகத் தெரிகிறது, இரண்டுமே நின்றிருக்கும் இடைவெளியிலும் அடியில் ஒரு தரை, அசையாமல் 150. இரண்டு மாதத்துக்கு 1,440 மணி நேரம். எப்போதும் எரியும் ஒரு வாட் இரண்டு மாதத்தில் 1.44 யூனிட். அப்படியானால் 150 வாட் என்பது 216 யூனிட். அப்போது அரசு இலவசமாகத் தந்த நூறு, அதற்கு மேல் நாம் காசு கொடுக்கும் இன்னொரு நூறு, இரண்டும் யாரும் எதையும் பயன்படுத்தாமலே போய்க்கொண்டிருந்தது. ஏசியையும் ஹீட்டரையும் பற்றியே வீட்டில் எப்போதும் சண்டை, இந்தத் தரையைப் பற்றி யாருக்குமே தெரியாது.

ஊரிலிருந்து வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேட்டையாடினோம். நான் டிபி முன்னால், மனைவி கையில் போன். நான் ஒரு எம்சிபியை இறக்குவேன், இருபது வினாடி காத்திருப்போம், அவள் எண்ணைச் சொல்வாள்.

"நூத்தி நாப்பத்தெட்டு... நூத்தி நாப்பத்தெட்டு... இருங்க, எழுபத்தாறு!"

அந்த எம்சிபியில் இருந்தது இன்வெர்ட்டர் மட்டும். ஓடாமல் சும்மா நிற்கும் இன்வெர்ட்டர் 72 வாட் எடுத்துக்கொண்டிருந்தது. மற்றவை எல்லாம் எதிர்பார்த்தவைதான்: கேமரா நான்கும் அதன் பெட்டியும் 24, ஃபைபர் மோடம், மாடி ரவுட்டர், ராஸ்பெர்ரி பை சேர்த்து 22, செட்டாப் பாக்ஸ் இரண்டும் ரிமோட்டில் அணைத்த நிலையிலேயே 18, ஏசி ஸ்டெபிலைசர் 9, மீதி உதிரி 5. செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் அணைத்தால் அணைந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம், முகப்பில் உள்ள பச்சை விளக்கு சிவப்பாகிறது, அவ்வளவே. கையை வைத்துப் பாருங்கள், விடிந்த பிறகும் சூடாகவே இருக்கும்.

இன்வெர்ட்டருக்கு வருவோம். 150 ஆம்பியர் மணி டியூபுலர் பேட்டரி, ஐந்து வருடப் பழசு. முழுதாக நிறைந்த பேட்டரிக்கு இன்வெர்ட்டர் கொடுக்க வேண்டியது சொற்பக் கரண்ட், வரைபடத்தில் கரண்ட் போய் வந்த பிறகு மேலே ஏறி, சில மணி நேரத்தில் படிப்படியாக இறங்கி, அடியில் ஒட்ட வேண்டும். இங்கே ஏறியது, இறங்கியது, 72-க்கு வந்ததும் அங்கேயே நின்றுவிட்டது, நாள் முழுக்க. பேட்டரியின் பக்கவாட்டில் கை வைத்தால் ஒரு ஓரம் மட்டும் வெதுவெதுப்பு. அடிக்கடி டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தது அப்போதுதான் உறைத்தது. பேட்டரிக் கடைக்காரர் அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரைக் கொண்டுவந்து ஆறு செல்லையும் பார்த்தார். ஐந்தில் 1,230-ஐ ஒட்டி நின்ற மிதவை, வெதுவெதுப்பாக இருந்த ஓரத்துச் செல்லில் 1,100-க்கு மேல் எழவே இல்லை. ஒரு செல் உள்ளே ஷார்ட் ஆகிவிட்டால் இன்வெர்ட்டர் கொடுக்கும் வோல்டேஜ் மீதி ஐந்து செல்லுக்கு அதிகம், அவை தண்ணீரை வாயுவாகப் பிரித்துக்கொண்டு கரண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். பேட்டரியை மாற்றினோம். அதே இன்வெர்ட்டர் இப்போது 21 வாட்டில் நிற்கிறது. 51 வாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 73 யூனிட், ஒரு வருடத்துக்கு நானூற்று நாற்பதுக்கு மேல். வீட்டில் இன்வெர்ட்டர் உள்ளவர்கள் ஒருமுறையாவது அதன் எம்சிபியை இறக்கி ஏற்றி மீட்டர் எல்இடியைப் பாருங்கள் என்று நான் எல்லாரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்லி வருகிறேன்.

ஃபேஸ் வாரியாக வோல்டேஜைப் பார்ப்பதும் பலன் தந்தது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஒய் ஃபேஸ் 200-க்குக் கீழே இறங்குகிறது, அதே நேரம் பி ஃபேஸ் 235. மாடி ஏசி ஒய்யில் இருந்தது, ஸ்டெபிலைசர் டக் டக் என்று மாற்றிக்கொண்டே இருக்கும் சத்தம் எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. அதை பி ஃபேஸுக்கு மாற்றியதோடு அந்தச் சத்தம் நின்றது.

எதிர்வீட்டு மாமா ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தார், பிளக்கில் சொருகினால் கரண்ட் பில் முப்பது நாற்பது சதவீதம் குறையும் என்று விற்கிறார்களே, அதில் ஒன்று. பிஸெம் இருப்பதால் சோதித்துவிடலாம் என்று மோட்டார் ஓடும் பி ஃபேஸில் சொருகினோம். சொருகும் முன் 1,155 வாட், 6.3 ஆம்பியர், பவர் ஃபேக்டர் 0.79. சொருகிய பின் 1,156 வாட், 6.1 ஆம்பியர், 0.82. ஆம்பியர் குறைந்தது, வாட் குறையவில்லை. கடைக்காரர் கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரை மட்டும் காட்டி விற்றுவிடுகிறார். வீட்டு இணைப்புக்கு ஈபி காசு வாங்குவது யூனிட்டுக்கு, அதாவது வாட்டுக்கு, ஆம்பியருக்குக் கிடையாது. மாமா அனுமதியோடு திறந்து பார்த்தோம், உள்ளே 5 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, ஒரு எல்இடி, எடை கூட்டுவதற்குக் கறுப்பாக ஏதோ ஊற்றி இறுகவைத்திருந்தார்கள். பென்ஷனில் வாழும் மனிதரிடம் இதை விற்றிருக்கிறார்களே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை. தயவுசெய்து இதை யாரும் வாங்காதீர்கள், வாங்கப் போகிறவர்களையும் தடுத்துவிடுங்கள்.

அந்தக் காசுக்குப் பழைய ஃபேன் ஒன்றை மாற்றலாம். எங்கள் பழைய சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 74 வாட், புதிதாகப் போட்ட பிஎல்டிசி (குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் வகை) ஃபேன் 29. நாளுக்கு 15 மணி நேரம் ஓடும் கூடத்து ஃபேனில் 45 வாட் மிச்சமென்றால் இரண்டு மாதத்தில் 40 யூனிட். நான்கு ஃபேனையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை, அதிக நேரம் ஓடுவது எது என்று பார்த்து அதிலிருந்து தொடங்கினால் போதும்.

தானாக இயங்கும்படி நான் வைத்தது ஒன்றே ஒன்று, போர் மோட்டார். ஒரு எச்பி சப்மெர்சிபிள். கோடையில் போரில் தண்ணீர் இறங்கிவிட்டால் மோட்டார் வெறுமனே சுற்றும், அதன் காயில் கருகிவிடும். தண்ணீர் இல்லாமல் சுற்றும் மோட்டாருக்கு லோடு குறைவு, அதனால் வாட்டும் குறையும், இதை வைத்தே பிடித்துவிடலாம். மோட்டாருக்கென்று நான்காவதாக ஒரு பிஸெம், இன்னொரு இஎஸ்பி32, ஒரு கான்டாக்டர் (பெரிய கரண்டைத் தாங்கும் ஸ்விட்ச்). ரிலேயில் நேராக மோட்டாரைப் போடக் கூடாது, கிளம்பும் நொடியில் ஓடும் கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும், ரிலேயின் முனை பற்றவைத்தது போல ஒட்டிக்கொண்டால் அப்புறம் அணைக்கவே முடியாது. ரிலே கான்டாக்டரின் காயிலை மட்டும் இயக்கட்டும்.

தண்ணீர் வரும்போது எங்கள் மோட்டார் 1,120 வாட்டை ஒட்டி ஓடுகிறது, தண்ணீர் தீர்ந்ததும் சில வினாடியில் 640-க்குச் சரிகிறது. வரைபடத்தில் படிக்கட்டு இறங்குவது போலத் தெளிவாகத் தெரியும். கிளம்பிய முதல் ஐந்து வினாடியைக் கணக்கில் எடுக்காதே, அதற்குப் பிறகு தொடர்ந்து எட்டு வினாடி 850-க்குக் கீழே இருந்தால் நிறுத்து, இரண்டு மணி நேரம் திரும்பப் போடாதே, இதுதான் விதி. உங்கள் மோட்டாருக்கு இந்த எண்கள் வேறாக இருக்கும், ஒரு வாரம் சும்மா அளந்துவிட்டு அப்புறம் எல்லையை வையுங்கள். இந்த விதியை ஹோம் அசிஸ்டன்டில் வைக்கவில்லை, இஎஸ்பி32-க்குள்ளேயே வைத்தேன். வைஃபை போனாலும் ராஸ்பெர்ரி பை நின்றாலும் மோட்டாரைக் காப்பாற்றும் வேலை நிற்கக் கூடாது. கரண்ட் போய் வந்தால் மோட்டார் தானாகக் கிளம்பவும் கூடாது, அதற்காக இஎஸ்பிஹோமில் ரிலேயின் ரீஸ்டோர் மோடை ஆல்வேஸ் ஆஃப் என்று வைக்க வேண்டும், இதை மறந்துவிடாதீர்கள். மாடித் தொட்டி நிறைந்ததும் நிறுத்துவதற்கு ஒரு சாதாரண ஃப்ளோட் ஸ்விட்ச்.

அம்மாவின் நிபந்தனை ஒன்று இருந்தது: "போனைத் தேடி எடுத்துத்தான் மோட்டார் போடணும்னா எனக்கு இந்த வேலையே வேண்டாம்பா." நியாயமான பேச்சு. பழைய ஸ்விட்ச் இருந்த அதே இடத்தில் ஒரு சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் போட்டிருக்கிறது, ஒரு பக்கம் ஆட்டோ, மறுபக்கம் கையால் போடுவது. என் பெட்டி மொத்தமாகக் கெட்டுப்போனாலும் அம்மா அதைத் திருப்பினால் மோட்டார் ஓடும். வீட்டில் எதைத் தானியங்கி ஆக்கினாலும் இப்படி ஒரு வழி இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன், வீட்டில் நாம் இல்லாத நேரமும் உண்டு, வயதானவர்கள் இருட்டில் பெட்டியைத் திறந்துகொண்டு நிற்கக் கூடாது.

ஹீட்டரைத் தானியங்கி ஆக்க நண்பர்கள் சொன்னார்கள், நான் ஆக்கவில்லை. 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக 0.56 யூனிட் வேண்டும், அதை எந்த நேரத்தில் போட்டாலும் அதேதான். வீணாவது அணைக்க மறந்து விடுவதில் மட்டும், அதற்கு அரை மணி நேரம் தாண்டினால் போனுக்கு ஒரு செய்தி போதும், ஆர் ஃபேஸில் 2,000 வாட் ஏறி இறங்காமல் இருந்தால் அது ஹீட்டர்தான், தனியாக எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

செலவு: பிஸெம் நான்கு, இஎஸ்பி32 இரண்டு, கான்டாக்டர், எம்சிபி, பெட்டி, டையோடு முதலான சில்லறை, எலெக்ட்ரீஷியன் கூலி எல்லாம் சேர்ந்து ஒன்பதாயிரத்தைத் தொட்டது. பேட்டரி தனி, அது எப்படியும் மாற்ற வேண்டியது. செட்டாப் பாக்ஸ் இரண்டும் இப்போது இரவில் பிளக்கிலேயே அணைகின்றன, ஏசி சீசன் இல்லாதபோது ஸ்டெபிலைசர் எம்சிபி கீழே. 150 வாட்டாக இருந்த தரை 80-ஐ ஒட்டி வந்திருக்கிறது, அதாவது இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் குறைவு. இந்தச் சித்திரை ரீடிங்கில் 463. மீதமுள்ள 80-இல் பெரியது கேமராப் பெட்டி, அதில் சுற்றும் ஹார்ட் டிஸ்கை மெமரி கார்டாக மாற்ற முடிந்தால் இன்னும் ஆறேழு வாட் இறங்கும் என்று நினைக்கிறேன், அடுத்து அதைத்தான் திறக்கப் போகிறேன்.